சுவருக்கு அந்தப் பக்கத்து இலைக்கஞ்சி

எனக்கு அறுபத்தாறு வயது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. மூத்தவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டான். ஒருவன் பதுளை டவுனில் கடையில் நிற்கிறான். இரண்டு பேர் தெமோதரைப் பக்கத் தோட்டத்தில். கடைக்குட்டி மகள் கொஸ்லந்தையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். எல்லாரும் தங்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள். நான் போகவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பிராவில், அடுத்த அறையில், அக்கா இருந்தவரைக்கும் எனக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை.

அக்கா காலமாகி இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் அக்காவைப் பற்றி அச்சடித்த ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டும் என்று கடையில் நிற்கும் மகன் சொன்னான். மலரெல்லாம் உத்தியோகம் பார்த்தவர்களுக்குத்தானே அடிப்பார்கள், கொழுந்து பறித்தவர்களுக்கு யார் அடிக்கிறார்கள் என்று கேட்டேன். "நாம அடிப்போம்மா" என்றான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அதற்கு மேல் இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல, கொஸ்லந்தை மகளின் பெண் எழுதுகிறாள். அக்கா போன பிறகு எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவளை இங்கே விட்டிருக்கிறார்கள்.

அக்கா பிறந்தது இந்தியாவில், திருச்சிச் சீமையில். பிழைப்புத் தேடி அப்பா எங்களைக் கடல் தாண்டி இந்தத் தேயிலை மலைக்குக் கூட்டி வந்தபோது நான் நடக்கத் தெரியாத குழந்தை. வழியெல்லாம் என்னைச் சுமந்தது அக்காவின் இடுப்புதான். அவருக்கும் அப்போது இடுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சின்னப் பிள்ளை. வந்த சில வருடங்களில் அம்மா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு எனக்குத் தலை பின்னியதும் சோறு ஊட்டியதும் அக்காதான். கல்யாணமான கொஞ்ச நாளில் அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. மறுபடியும் ஒரு இடம் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. கங்காணி ஐயாவிடம் கேட்டு எங்கள் காம்பிராவுக்கு அடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

லயத்துச் சுவர் எப்படியென்று லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பிராக்கள், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். நானும் அக்காவும் பாதிப் பேச்சை அந்தச் சுவருக்கு மேலாகவே பேசி முடித்தோம்.

நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு வந்த வருடங்கள். இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று லயமெல்லாம் ஒரே பேச்சு. எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று வீட்டுக்குள் இருந்தது. கடைக்குட்டி மகளுக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போயிருந்தது. மூன்றாவதாக உண்டாகி எங்களிடம் வந்திருந்தாள். முகம் வெளுத்து, நகம் வெளுத்து, பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தால் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். பதுளையில் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ரத்தம் இல்லை, கீரை நிறையக் கொடுங்கள், இந்த முறையும் தவறினால் பிள்ளையோடு தாயையும் பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அக்கா போய் நின்றது பலாக்காய்க்கார அம்மாவிடம். தோட்டத்துக்குக் கீழே நாட்டுப்பக்கத்திலிருந்து லயத்துக்குப் பலாக்காய் விற்க வருகிற சிங்களத்து அம்மா அவர். அவர்கள் வீடுகளில் விடியற்காலையில் இலையை இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். அதை எப்படிக் காய்ச்சுவது என்று அக்கா கேட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் ஓடும் கானோரத்து வல்லாரை, பொன்னாங்காணி, கொஞ்சம் கறிவேப்பிலை. நன்றாக அலசி, அம்மியில் மை போல அரைத்து, துணியில் பிழிந்து சாறு எடுக்க வேண்டும். ஒரு பிடி சிவப்பரிசியைப் பூண்டு போட்டுக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சாற்றைக் கலக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். உப்புப் போட்டு, ஒரு கடி கித்துள் கருப்பட்டியோடு சுடச்சுடக் குடிக்க வேண்டும்.

எல்லாம் சொன்னபடியே செய்தார். ஆனால் கஞ்சி கழுநீர் மாதிரி வந்தது. பச்சை என்று பேருக்குத்தான். மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள் பலாக்காய்க்கார அம்மா வந்து சுளகில் இருந்த இலையைக் கிளறிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது எல்லாம் குட்டி இலை. பெரிய இலை எங்க? தண்டு எங்க?"

அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. நாங்கள் இருவரும் விவரம் தெரிந்த நாளிலிருந்து கொழுந்து பறித்தவர்கள். எந்தச் செடியில் கை வைத்தாலும் விரல் தானாகப் போய் நுனித் தளிரைத்தான் கிள்ளும். முற்றிய இலை கூடையில் விழுந்தால் கணக்கப்பிள்ளை ஏசுவாரே என்று, கானோரத்துக் கீரையிலும் முற்றிய இலையை ஒதுக்கிவிட்டுத் தளிராகப் பார்த்துக் கிள்ளி வந்திருக்கிறோம். சத்தெல்லாம் கானோரத்திலேயே நின்றுவிட்டது.

"என்னங்க பண்றது, கை சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது" என்றார் அக்கா. அன்றிலிருந்து இலை பறிக்கப் போனால் விரலால் கிள்ளுவதை விட்டுவிட்டுச் சின்ன அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். தண்டோடு அறுத்து வந்தார். கஞ்சி மலையின் நிறத்துக்கு வந்தது.

மகளுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, இத ஆடுதான் குடிக்கும்" என்றாள்.

"அதான் ஆடு வருசா வருசம் ரெண்டு குட்டி போடுது. குடிடி" என்றார் அக்கா. வாந்தி எடுக்கப் போனவள் சிரித்துவிட்டுக் குடித்தாள்.

கொஸ்லந்தையிலிருந்து சம்பந்தியம்மா பார்க்க வந்தபோது பெரிய பேச்சாகிவிட்டது. பனிக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பச்சிலைச் சாறு கொடுத்தால் குளிர்ச்சி உள்ளே இறங்கிவிடும், போன இரண்டும் போதாதா என்று கேட்டார். அது சுருக்கென்று தைக்கிற கேள்வி. அக்கா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக்கொண்டே, "நீங்க சூடா ஒண்ணு காச்சிக் குடுங்க சம்பந்தி, ரெண்டையும் குடிக்கட்டும்" என்றார். சம்பந்தியம்மா காய்ச்சவில்லை. அக்கா நிறுத்தவுமில்லை.

தினமும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே கஞ்சி ஆகிவிடும். அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவார். நான் எழுந்து போய் மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கி வருவேன். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு இருவரும் மலைக்குப் போவோம். பனி மூடியிருக்கும். அக்காவின் தலைத்துணி மட்டும் முன்னால் தெரியும்.

ஒரு நாள் மகள் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். விகற்பமாகக் கேட்கவில்லை, சின்னப் பெண். "பெரியம்மா, நீங்க அப்பவே இதக் குடிச்சிருந்தா உங்களுக்கும் ஒரு புள்ள தங்கியிருக்குமோ?"

அக்கா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் குழவியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப எனக்குக் காச்சிக் குடுக்க யாருடி இருந்தா" என்றார்.

அக்காவுக்கும் ஒன்று உண்டாகிக் கலைந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. சில காரியத்தைக் கேட்டால் சொல்கிறவருக்கு மறுபடியும் நோகும்.

பிள்ளை பிறந்தது எங்கள் காம்பிராவில்தான். மருத்துவச்சி வந்துவிட்டார். அக்கா உள்ளே வரவில்லை. தாலி இழந்தவர், பிள்ளை இல்லாதவர், பேறு நடக்கும் இடத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று தானாகவே தன் பக்கம் போய் இருந்துகொண்டார். கூப்பிட்டேன், வரவில்லை. பிள்ளை விழுந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதது, நல்ல கட்டையான குரலில்.

நான் சுவரைப் பார்த்து, "அக்கா, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அகப்பைக் காம்பால் தட்டுகிற சத்தம் வந்தது. மகள் படுத்தபடியே, முதலில் பெரியம்மா தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்கலாம் என்று சொல்லிவிட்டாள். பேறுக்கு வந்திருந்த சம்பந்தியம்மாவே போய் அக்காவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தப் பெருந்தன்மையை இங்கே சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

அதன் பிறகு மகள் கொஸ்லந்தைக்குப் போனாள், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள், என் வீட்டுக்காரரும் போனார். கஞ்சி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் இரண்டு டம்ளர்.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கால் வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை. அப்போது நான் காய்ச்சினேன். மண்டியிட்டு அரைத்து, பிழிந்து, பால் ஊற்றி, ஆற்றிக் கொண்டுபோய் வாயருகே பிடித்தேன். ஒரு மிடறு குடித்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கொழுந்து எடுத்திருக்க."

அரிவாளை மறந்துபோய்க் கையாலேயே கிள்ளியிருக்கிறேன். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முழுவதையும் குடித்தார். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. இரண்டொரு நாளில், தப்பு அடிக்கும் நேரத்தில், அடங்கிவிட்டார்.

அந்தக் காம்பிராவைத் தோட்டத்து நிர்வாகம் பூட்டி வைத்திருக்கிறது. எனக்கு இன்னும் அதே நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. சுவரில் சத்தம் வருமென்று படுத்திருக்கிறேன். வராது என்று தெரியும், இருந்தாலும் படுத்திருக்கிறேன். பிறகு எழுந்து காய்ச்சுகிறேன். முதலில் சில மாதம் கை தவறி இருவருக்குக் காய்ச்சி, ஆறிப்போனதை வாசல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். இப்போது பேத்தி இருப்பதால் அளவு சரியாக இருக்கிறது. திதிப் படையலிலும் ஒரு டம்ளர் இலைக்கஞ்சி வைப்பேன். படையலில் இதை வைப்பார்களா என்று யாரும் கேட்க வேண்டாம். அரிவாளால் அறுத்த இலைதான்.

அக்காவைத் தோள் கொடுத்துத் தூக்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், குழிக்கு இடம் காட்டிய கங்காணி ஐயாவுக்கும், மழையிலும் மருந்து கொண்டுவந்த தோட்டத்து மருந்தையாவுக்கும், கேட்டதும் பலாக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அழுத அந்த அம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்த சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் கையெடுத்த கும்பிடு. வர முடியாமல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூத்தவனுக்கு இந்த மலர் ஒன்று போகும்.

அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. நீ எழுதினது போதும் கண்ணு, பென்சிலை வை. உன் பெரியம்மாயி, என் அக்கா, முதலில் தூக்கின பிள்ளை நீ, அதனால் நீயே படி. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து, அவசரப்படாமல் படி. அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படி.