முதலிடத்தில் இருந்த நாவல்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். வாரப் பத்திரிகையில் ‘அதிகம் விற்பனையாகும் நூல்கள்’ பட்டியல் வந்ததும், முதலிடத்தில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவேன். பாதிப் புத்தகங்களைப் பிரித்ததுகூட இல்லை. யாராவது கேட்டால் மட்டும், "படிச்சாச்சே, சூப்பர்!" என்பேன்.

மாமல்லபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மும்தாஜ், இதய ஆபரேஷனுக்காகச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பொழுது போகட்டும் என்று அப்படி வாங்கிய நாவல் ஒன்றைக் கொடுத்தேன். "நான் ரசிச்சுப் படிச்சது" என்றும் சொல்லிவைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் போனபோது அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"இன்னாக்கா, இதுல வர்ற பொண்ணுக்கும் என்ன மாதிரியே ஹார்ட் ஆபரேஷனாம். மேல படிக்கவே பயமா கீது. நீதான் படிச்சிட்டியே, அவ பொழைச்சிக்கிறாளா?"

"பொழைச்சிக்கிறா" என்று அடித்துவிட்டேன். அவள் சிரித்தாள். முடிவை எங்கே புரட்டிவிடுவாளோ என்ற பயத்தில், தங்கை கேட்கிறாள் என்று இன்னொரு பொய் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். அந்தப் பெண் இறந்துபோகிறாள்.

மும்தாஜ் நல்லபடியாக வீடு திரும்பினாள். இப்போதும் பட்டியலைப் பார்க்கிறேன். ஆனால் முழுதாகப் படிக்காத புத்தகத்தை யார் கையிலும் கொடுப்பதில்லை.

மும்தாஜ்தான் விடமாட்டேன் என்கிறாள். "அவ பொழைச்ச கதைய படிக்கணும்க்கா, எங்க வெச்ச?"

தொலைந்துவிட்டது என்கிறேன். பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.