கால் நுழையாத படுக்கை

மெத்தையின் நான்காவது மூலையையும் மடித்துச் செருகிவிட்டு, விரிப்பின் மேல் உள்ளங்கையை ஓட்டுகிறாள் இஸ்திரி. தலைமாட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு சுருக்கம். "சே, விடவே மாட்டியா அத்தை நீ!" என்று பல்லைக் கடித்தபடி நான்கு மூலைகளையும் உருவிப் போடுகிறாள். அந்தத் தங்கும் விடுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு அறை, அறைக்கு இருபது நிமிடம். இவளுக்குப் படுக்கைக்கே அது போய்விடும்.

இஸ்திரி என்பது உடன் வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். அவள் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிய போர்வைக்குள் காலை நுழைக்க முடியாமல், அதன் மேலேயே குளிரில் சுருண்டு கிடந்ததாக, தங்க வந்த ஒருவர் வரவேற்பறையில் வந்து புலம்பியிருக்கிறார்.

எல்லாம் அத்தை செய்த வேலை. அப்பாவின் அக்கா, முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்தவள், வீட்டுக் கட்டில்களையும் வார்டாகவே நடத்தினாள். "இது படுக்கையா, பார்சலாக்கா?" என்று கேட்டுக் கேட்டு அப்பா ஓய்ந்துபோனார். "சுருக்கம் முதுகைத் தின்னுடும்டா. படுத்த படுக்கையா கெடக்கறவனைக் கேட்டுப் பாரு" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் சரி, விரிப்பைத் தடவிக் காட்டாமல் மருமகள் வாசல் தாண்ட முடியாது.

அந்த அத்தையே கடைசியில் ஐந்து மாதம் படுத்துவிட்டாள். விரித்தது இவள்தான். பேச்சு குழறிய பிறகும், "எடது பக்கம்... ஒண்ணு இருக்குடி" என்று விரலை அசைப்பாள். எரிச்சலில் இவள் அழுதிருக்கிறாள். ஆனால் ஐந்து மாதமும் அத்தை முதுகில் ஒரு புண் வரவில்லை. அதை மட்டும் இவள் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். அத்தை மேல் அவ்வளவு பிரியம். அந்தப் பிரியம் சோறு போடாது என்பதுதான் இப்போதைய தகராறு.

மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. இனி நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவு செய்ய வேண்டியவர் மேற்பார்வை அம்மா. தினமும் அவள் படுக்கைகளைத் தடவித் தடவிப் பார்த்துக் கரித்துக்கொட்டுகிற அதே அம்மா. காலையிலேயே சொல்லிவிட்டார்: "இருபது நிமிஷம். கால் உள்ள போகணும். உங்கத்தை கதையெல்லாம் எனக்கு வேணாம்."

கடைசி அறை. மேற்பார்வை அம்மா கடிகாரமும் கையுமாக நின்றார். இஸ்திரி குளியலறையைக் கழுவினாள், தரையைத் துடைத்தாள், விரிப்பை உதறிப் போட்டு மூலைகளை ஒப்புக்குச் செருகினாள். தடவிப் பார்க்கத் துடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பதினெட்டு நிமிடம்.

"இதைத்தானே இத்தனை நாளா கேட்டேன்" என்று அந்த அம்மா தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வேலை நிரந்தரம். இஸ்திரி அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். கட்டில் பக்கம் கண்ணைத் திருப்பாமல் வாசலுக்கு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். மேற்பார்வை அம்மா கட்டிலருகே குனிந்து, விரிப்பின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் கை நின்றது. "சே!" என்று பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூலையை உருவினார்.