உறை ஊற்றிய டிரம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை. மீன்வளம் படித்தேன். கடல் இல்லாத ஊரில் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துதான் எங்கள் இறால் குளத்தை வெட்ட வைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம். போர்வெல் தண்ணீர் உப்பாகிப் பருத்தி கருகத் தொடங்கியபோது, உப்பில் வளரும் இறாலைப் போடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. பாதி நிலத்தை வெட்டிக் குளமாக்கினார். குஞ்சு விட்ட அன்று டீக்கடையில், "எம்புள்ள சொல்லுது, நான் செய்யுதேன்" என்றாராம்.

இறால் தின்ற மிச்சமும் கழிவும் அடியில் சேறாகப் படிந்து அழுகும். அதிலிருந்து வரும் அம்மோனியா இறாலைக் கொல்லும். அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவைக் குளத்தில் விடுவதுதான் என் பொறுப்பு. பாக்டீரியாப் பொடியை நாட்டுச் சர்க்கரை, தவிடு, தண்ணீரோடு ஒரு நீல டிரம்மில் காலையில் கலக்குவேன். சின்னக் காற்று மோட்டாரின் குழாய் அதற்குள் பகல் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் நுரை கட்டி, பழம் புளித்த மாதிரி மணக்கும். எடுத்துக் குளத்தில் ஊற்றுவேன். மே மாதம் முழுக்க நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். தண்ணீர் அருமையாக இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்தது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். காலையில் கலக்கிவிட்டு பஸ் ஏற வேண்டும். டிரம்மை அம்மாவிடம் ஒப்படைத்தேன்.

"என்னட்டி இது, மாட்டுக் கழனித்தண்ணி மாதிரி இருக்கு?"

"பாலுக்கு ஒற ஊத்துறேல்ல, அதே மாதிரிதாம்மா. துளி போட்டாப் போதும், சாயங்காலத்துக்குள்ள கோடியாப் பெருகிரும்."

"இதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச? இத நான் தெனமும் அடுப்படியில செய்யுதேன்."

இருவரும் சிரித்தோம். அந்த உவமை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் டிரம்மின் மணம் மாறியது. சாக்கடை நாற்றம். தவிடு பழசாக இருக்கும் என்று மாற்றினேன். மாறவில்லை. பொடியை இரண்டு பங்காக்கினேன். ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. சோதித்துப் பார்த்தால் குளத்தில் அம்மோனியா ஏறிக்கொண்டே இருந்தது. தீவனம் போடுவது அப்பா. குளத்தில் இறக்கிவைத்த தீவனத் தட்டைத் தூக்கினால் போட்டது போட்டபடி கிடந்தது.

"எம்புட்டுப்பா போடுறீக?"

"நீ எழுதிக் குடுத்த அளவுதாம்மா."

"அளந்து போட்டா எப்படி இம்புட்டு மிச்சம் கெடக்கும்?"

வகுப்பில் பேசும் குரலில் கேட்டேன். அப்பா கையிலிருந்த தீவனத்தை வாளியில் திரும்பப் போட்டார். மறுநாளிலிருந்து குறைத்தார். இறால் அம்மோனியாவில் நலிந்து தின்னாமல் கிடந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை விடிந்தபோது இறால்கள் கரையோரம் வந்து ஒதுங்கி, தொட்டால்கூட நகராமல் கிடந்தன. பறவைக்குக் கட்டிய வலைமேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வளரும் முன்னே குளத்தை வடித்தோம். வாங்க வந்தவர் ஒரு கூடையை அள்ளிப் பார்த்துவிட்டு, பாதியைத் தரையில் கொட்டினார். அடிச்சேற்றில் செத்தது எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மா டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தேங்காய் நாரால் தேய்த்தபடியே சொன்னாள்:

"ஏன் சரியா வரலன்னே தெரியலட்டி. நீ பஸ்ஸுக்குப் போனதும் மோட்டார அணைச்சிருவேன். ஒற ஊத்துனத ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படி ஒறையும்? சாக்கப் போட்டு மூடி வச்சு, நீ வாறதுக்குச் செத்த முன்னாடிதான் மோட்டாரப் போடுவேன். பொறவு கடையணும்ல."

தயிர் அசையாமல் இருந்தால்தான் உறையும். நாங்கள் வளர்த்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். காற்று நின்றால் அது பெருகாது. சர்க்கரையையும் தவிட்டையும் வேறு ஏதேதோ தின்று அழுகவைக்கும். அந்த அழுகலைத்தான் நாள் தவறாமல் என் கையால் குளத்தில் ஊற்றியிருக்கிறேன். காற்று வேண்டும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். டிரம்மை ஒப்படைத்தபோது அம்மாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

"நீ நல்லாத்தாம்மா பாத்துக்கிட்ட" என்றேன். அவள் டிரம்மை வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை அப்பா என்னை வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அங்கே நின்றார்.

"என்ன மாமா, கடலக் கொண்டாந்து கரிசல்ல விட்டியளே, எறா துள்ளுதா?"

"போச்சு மாப்ள. புள்ள அளவா எழுதிக் குடுத்துச்சு. நாந்தான் கேக்காம தீவனத்த அள்ளிப் போட்டுக் கெடுத்துட்டேன்."

நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் அப்பா ஒரு பிடிகூடப் போட்டதில்லை. நான் கேட்ட கேள்வியை நம்பி, போட்டிருப்போம் என்றே முடிவு செய்திருந்தார். அம்மாவை இழுக்காமலே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தப்பு என்னுதுப்பா, சொல்லிக்கொடுத்ததுல தப்பு.' அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. சொந்தக்காரர் என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள சொல்லக் கேக்கணும் மாமா" என்றார். அப்பா தலையாட்டினார்.

ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் திரும்பும்போதும் அப்பா, எவ்வளவு அள்ளிப் போட்டார் என்று சொந்தக்காரருக்குக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.