வேலை முடிந்த வெள்ளையணுக்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் வறட்சி நிவாரணப் பிரிவில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். வறட்சி தீரும்வரைதான் வேலை என்று உத்தரவிலேயே போட்டிருந்தது. அந்த ஐப்பசியில் கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்தன. ஊரே வானத்தைக் கும்பிட்டது. எங்கள் பிரிவின் எட்டுப் பேர் மட்டும் முறைத்தோம். நிவாரணம் வந்ததற்காக வயிறெரிந்த நிவாரணப் படை வேறெங்கும் இருந்திருக்காது.

மழையோடு எனக்கு நிமோனியாவும் வந்தது. ஆரப்பாளையத்து டாக்டர் ஒருவர் ஊசி போட்டுத் தேற்றினார். காய்ச்சலில் எகிறியிருந்த வெள்ளையணுக்கள், இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

“கிருமி செத்துருச்சு. இம்புட்டுப் பேருக்கு இனி அங்க என்ன சோலி? அதுகளாவே செத்துப்போயிரும். சாகாம நின்னா ஒங்க ஒடம்பையே கடிச்சு வைக்கும்” என்றார்.

“ஒண்ணுகூட மிஞ்சாதா சார்?”

“கொஞ்சம் மிஞ்சும். வந்த கிருமிய ஞாபகம் வச்சிருக்கும். திரும்ப வந்தா ஒடனே அடிக்கும்.”

மற்றவர்கள் இதைக் கேட்டால் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் நாலு புத்தகம் படித்தவனாயிற்றே, எங்கள் அதிகாரிக்கு மனு எழுதினேன். மூன்று பக்கம். அடுத்த வறட்சியைச் சமாளிக்க, இந்த வறட்சியை நினைவில் வைத்திருக்கும் ஓர் அணுவையாவது பிரிவில் விட்டுவைக்க வேண்டும் என்று முடித்து, அந்த அணுவாக நானே கையெழுத்தும் போட்டேன்.

அதிகாரி முழுவதையும் படித்துவிட்டார். அதுதான் வினை.

“யோசனை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு ஆள வச்சுக்கிறலாம். சொல்லுங்க, கோடையில எந்தெந்த ஊருக்குத் தண்ணி லாரி விட்டோம்?”

கோடை முழுக்க நான் வறட்சிக் கோப்பை நிறுத்திவைத்து, அதன் மறைவில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

“பரவை…” என்றேன்.

தபால் பதிவு செய்யும் சக குமாஸ்தா, நாங்கள் யாரும் மதிக்காத ஆள், பக்கத்தில் நின்றிருந்தார். “அண்ணே, பரவைக்கு நாம லாரியே விடலயே” என்றார். பிறகு ஊர் ஊராக ஒப்பித்தார். எந்தக் கிணறு எம்புட்டு ஆழம், எந்தத் தெருவில் குடத்துக்காக மண்டை உடைந்தது என்பது வரை.

அவரை வைத்துக்கொண்டார்கள். மற்ற ஏழு பேரையும் விடுவிக்கும் உத்தரவை டைப் அடிக்க ஆள் தேடினார்கள். பிரிவில் டைப் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று பிரதி, ஒரு பிழை இல்லை. அங்கே நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.