கூரைக்குள் கேட்ட சத்தம்

பகலில் தூங்குவதெல்லாம் ஒரு தூக்கமா? திரைச்சீலையை இழுத்து மூடலாம், போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஊர் விழித்திருக்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். தபால்காரன் வருவான், குப்பை லொறி வரும், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் எதையாவது துளைப்பார். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் வீடு. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்தே எனக்குத் தலை நரைத்தது. காலை ஏழு மணிக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, பின்னேரம் வரை கிடைக்கிற அரைகுறைத் தூக்கத்தை வைத்துத்தான் இத்தனை வருடமும் ஓடினேன். அதைக் கெடுப்பவர் ஆரானாலும் எனக்கு ஆகாது. என் கோபம் வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று.

போன வருடம் வசந்தத்தில் மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். மருமகன் தமிழ்நாட்டுப் பையன், தெற்கு லண்டனில், சட்டனில் இருந்துகொண்டு கணினி வேலை பார்க்கிறவர். அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம் என்பதால் மறுபேச்சு இல்லை. அமைதியான பின்னறை மகளுக்குப் போனது. நானும் என் தலையணையும் முன்பக்கத்துச் சின்ன அறைக்குப் போனோம். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை அது.

அதற்கு முந்தின வருடம், வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, அவளுக்கு ஒரு பிள்ளை தவறியிருந்தது. அதனால் இந்த முறை ஒருவரும் சந்தோசத்தை வெளியில் காட்டவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். தொட்டில் வாங்குகிற பேச்சை எடுக்கவும் எங்களுக்குப் பயமாக இருந்தது.

என் புது அறைக்கு நேர் மேலே, கூரை விளிம்பில் ஒரு பலகை உக்கி, கை போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள் ஒரு ஸ்டார்லிங் சோடி குடிபுகுந்தது. கறுத்த உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். நம்முடைய மைனாவுக்கு உறவு, வாயும் மைனாவின் வாய்தான். முதலில் வைக்கோலை இழுத்துக்கொண்டு என் தலைக்கு மேல் சரசரவென்று நடந்தன. பிறகு ஆண் பறவை புகைபோக்கியில் ஏறி இருந்து ஊரில் கேட்ட சத்தமெல்லாம் பாடியது. ஒருநாள் என் போன் அலாரத்தைப் போலவே கத்திற்று. நான் எழும்பி, சட்டை போட்டு, காலில் சப்பாத்தும் மாட்டிய பிறகுதான் அது பட்டப்பகல் என்று கண்டேன். நாசமாய்ப் போக! மே மாதம் குஞ்சு பொரித்தபோது அதெல்லாம் வெறும் பகிடியாகிவிட்டது. தாயோ தகப்பனோ இரையோடு வரும்போதெல்லாம் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து கீச்சிடும். பெரியவை இரண்டும் ஓயாமல் வந்தபடி இருந்தன. குஞ்சுகளின் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சீலிங் மட்டும்தான்.

“உந்தக் கூட்டை நான் இண்டைக்கே பிடுங்கி எறியிறன்,” என்றேன்.

மனைவி கையில் அகப்பையோடு வந்தாள். “உங்களுக்கென்ன விசரே? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில கூட்டைக் கலைக்கிறதோ? சுவரில ஒரு ஆணி அடிக்கவே நான் விடேல்லை. இவர் கூடு பிடுங்க வெளிக்கிட்டிட்டார்!”

“அப்ப நான் எங்கை படுக்கிறது?”

“படுக்கிற இடத்தில படுங்கோ.”

இது சரிவராது என்று வால்தம்ஸ்டோவில் இருந்து கூரை வேலை செய்யும் நம்மவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார். “அண்ணை, முட்டை வைக்க முந்திக் கூப்பிட்டிருக்கோணும். இப்ப கை வைக்க ஏலாது. சட்டம். குஞ்சு பறக்கட்டும், வந்து அடைச்சுத் தாறன்.” மனைவியும் சட்டமும் ஒரே பக்கம் நின்றால் ஒரு மனிசன் என்னதான் செய்வான்?

காதுக்குப் பஞ்சு வைத்தேன். மின்விசிறியைப் போட்டுவிட்டு அதன் இரைச்சலில் படுத்தேன். கீழே சோபாவில் படுத்தால் மனைவியின் தொலைக்காட்சி நாடகத்தில் ஆரோ ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள். பூங்காவுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி அதற்குள் படுத்தேன். நல்ல மனம் படைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நான் செத்துப்போனேன் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினாள். வேலையிடத்தில் நின்ற நிலையில் கண் சொருகி, அடுக்கிய தட்டுகளைச் சரித்துக் காலில் போட்டுக்கொண்டேன். இன்னொரு தரம் இப்படியென்றால் இயந்திரத்துக்குக் கிட்ட விடமாட்டேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவரில் பிழை இல்லை. களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. தண்ணீர் கூடிப்போன மாவைப் போல உடம்பு நிமிர மறுத்தது. கண்ணுக்குப் பின்னால் எப்போதும் எரிவு, வாயில் எப்போதும் கசப்பு.

மகளை அதிகம் நடமாட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பாவம், அவள் நாள் முழுதும் படுத்திருந்து போனில் பறவைகளைப் பார்த்தாள். ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, ஹம்மிங்பேர்ட் கூடு பாருங்கோ.”

நம்முடைய தேன்சிட்டைவிடச் சின்னப் பறவை. அமெரிக்கப் பக்கத்தில்தான் இருக்கிறது, லண்டனில் மருந்துக்கும் கிடையாது. மெல்லிய கிளையின் கவட்டில் பாதி வால்நட் கோதளவு ஒரு கூடு. பஞ்சையும் பாசியையும் சிலந்தி வலை நூலால் கட்டியிருந்தது. குஞ்சு வளர வளர அந்த நூல் இழுபட்டுக் கூடும் பெரிதாகுமாம்.

“இதுக்கு நாங்கள் என்ன வீடு கட்டிக் குடுக்கலாம்?” என்று கேட்டேன். பெட்டி அடித்துக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவள் பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

“பெட்டி வைச்சாலும் வராதாம் அப்பா. மரம் செடியை வெட்டாமல், சிலந்தி வலையைத் துடைக்காமல், கிட்டப் போய்க் குழப்பாமல் இருந்தால் காணுமாம். நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. சும்மா விடோணும்.”

“அப்ப உன்ர அம்மான்ர வீட்டுக்குச் சரிவராது. ஒரு வலையை விட்டு வைப்பாவோ?”

அவள் சிரித்தாள். அவள் சிரித்துக் கன நாளாகியிருந்தது. எனக்கு உசார் வந்துவிட்டது. “எங்கட கூரைக்கும் இப்பிடி ஒண்டு வந்திருக்கலாம், பிள்ளை. சத்தமில்லாத சாதி,” என்றேன். சிரிப்பு அப்படியே நின்றது. “சத்தம் இருக்கிறது நல்லது, அப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பி வைத்தாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தாயும் மகளும் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஏணி வைத்து ஏறி, கூட்டை இழுத்து எறிந்துவிட்டு, ஓட்டைக்குக் கம்பி வலை அடிப்பது. பக்கத்து வீட்டாரிடம் ஏணி இரவல் வாங்கி முன் சுவரோடு கிடத்தினேன். மழைத்தண்ணி ஓடுகிற பீலியில் இலை அடைத்திருக்கிறது, துப்புரவாக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பரிசோதனை நாள் காலை வேலை முடிந்து வந்து என் அறைக் கதவைத் தள்ளினால், கட்டிலில் மகள் இருந்தாள். முதுகுக்கு என் தலையணை. இரண்டு கையும் வயிற்றில். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கூரைக்கு நேரே தூக்கி வைத்திருந்தாள். மேலே குஞ்சுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

“இஞ்சை என்ன செய்யிறாய் பிள்ளை?”

அவள் திடுக்கிட்டு எழும்பப் பார்த்தாள். இரு இரு என்று நானும் பக்கத்தில் இருந்தேன்.

“போன முறை, அந்தப் பிள்ளைக்கு, மிட்வைஃப் இதயத்துடிப்புக் கேக்கிற சின்ன மெஷினை வயித்தில வைச்சு அங்கை இஞ்சை தேடினவ, அப்பா. ஒரு சத்தமும் வரேல்லை. பட்டரி முடிஞ்சுது போல எண்டு சொல்லிப்போட்டு வேற மெஷின் எடுத்துக்கொண்டு வந்தவ. அதிலயும் ஒண்டும் கேக்கேல்லை. ரூம் அப்பிடியே அமைதியாப் போச்சு.”

அவள் முதுகுக்குப் பின்னால் சரிந்த தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

“நீங்கள் வேலையில நிக்கேக்க, விடிய எழும்பி இஞ்சை வந்து இருக்கிறனான். இதுகள் கத்தத் துவங்கினால் எனக்குப் பயம் குறையும். இண்டைக்கும் செக்கப் எண்டபடியால் வந்தனான். ஸ்டுப்பிட் எண்டு தெரியும்.”

“விசர்க்கதை கதையாதை. ஒரு ஸ்டுப்பிட்டும் இல்லை,” என்றேன். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இப்படிப் பயந்து கிடந்திருக்கிறாள். நான் என் தூக்கத்தைப் பற்றியே புலம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏணி கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தேன். தலைக்கு மேல் அதே கூத்து. “கத்துங்கோ, நல்லாக் கத்துங்கோ,” என்றேன். தூக்கம் வரவில்லைதான். ஆனாலும் கோபமும் வரவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் திரும்பி வந்து, எல்லாம் ஒழுங்காகக் கேட்டது என்று சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் காலை வேலையால் வந்து படுத்தேன், அவ்வளவுதான் தெரியும். அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருக்கிறேன். மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எழும்புங்கோப்பா. பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள். மேலை சத்தத்தைக் காணேல்லையாம்.”

மகள் வாசலில் நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. “காலமையில இருந்து ஒண்டும் கேக்கேல்லை, அப்பா. செத்துப்போச்சுதுகளோ?”

கட்டியிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போய், ஏணியைச் சுவரில் சாத்தி ஏறினேன். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். போன் வெளிச்சத்தை ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். நசுங்கிய வைக்கோல், எச்சம், கொஞ்சம் இறகு, ஒரு துண்டு நீலப் பிளாஸ்டிக். நாற்றம் குடலைப் பிடுங்கியது. உயிரும் இல்லை, செத்ததும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கத்துப் புல்தரையில் மண்ணிறக் குஞ்சுகள், தாய் தகப்பனைத் துரத்திக்கொண்டு, வாயைப் பிளந்தபடி ஓடின. என் வீட்டில் போட்ட அதே கூச்சல்தான்.

“பிள்ளை, யன்னலைத் திற! அங்கை பார், புல்லில!”

அவள் சின்ன அறை யன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். ஏணியில் என் முகமும் யன்னலில் அவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில். அவள் கன நேரம் பார்த்தாள்.

“எல்லாம் தப்பிட்டுதோ அப்பா?”

கூட்டில் எத்தனை இருந்தன என்று எனக்கு எங்கே தெரியும்? “ஓம் பிள்ளை, எல்லாம்,” என்றேன்.

கூரைக்காரருக்கு நான் போன் எடுக்கவில்லை. பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் கடைசியில் நான் ஷிப்டில் நிற்கும்போது அவளுக்கு வலி எடுத்தது. மருமகன் வந்து அவளையும் மனைவியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காலையில் நான் வீடு வந்தபோது ஆரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டதற்கு, இப்போது வர வேண்டாம், படுங்கோ என்று மனைவி போனில் அதட்டினாள். சின்ன அறையில் படுத்தேன். தபால்காரன் வரவில்லை, குப்பை லொறி வரவில்லை, கூரைக்குள் ஓர் அசைவு இல்லை. நான் இத்தனை வருடம் ஏங்கிய அமைதி அன்றுதான் கிடைத்தது. கண்ணை மூட முடியவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. சீலிங்கைப் பார்த்துக்கொண்டு போனை நெஞ்சில் வைத்தபடி கிடந்தேன்.

போன் அடித்தது. மருமகன்.

“மாமா,” என்றார். “இருங்க, கேளுங்க,” என்று போனை எங்கேயோ நீட்டினார்.

ஐயோ, அந்தச் சத்தம்! தொண்டை கிழிகிற அழுகை. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடியும் முதலில் இருந்து. பின்னால் மனைவியின் குரல், “ச்சூ, ச்சூ, என்ர குஞ்செல்லோ, அழாதேங்கோ.” அதற்கும் பின்னால் மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மருமகனுக்கு என் குணம் தெரியும். “நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்திருப்பீங்க மாமா, தூங்கவே இல்லையா? அத்தைகிட்டச் சொல்லி அழுகையை நிறுத்தச் சொல்றேன். அப்புறம் பேசறேன்,” என்றார்.

“வேண்டாம் தம்பி,” என்றேன். “நிப்பாட்டாதேங்கோ. போனை அதிலயே வையுங்கோ. இன்னும் கொஞ்சம் அழட்டும்.”