பிலோமினாவின் அரை மணி

பிலோமினாவின் கைக்கடிகாரம் அவளுடைய கல்லறைக்குள் இல்லை. நம் கோவில் மடலில் மற்றதையெல்லாம் எழுதும் முன் இதை எழுதிவிட வேண்டியிருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கிற இடத்திலும், அவள் ஊரான தன்லியினுக்குப் பாலம் கடந்து போகிற பேருந்திலும், அவளைப் பெட்டிக்குள் கடிகாரத்தோடு வைத்துப் புதைத்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கடிகாரம் என் கையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அது வேண்டும் என்கிறவர்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் என் வீட்டுக் கதவைத் தட்டட்டும். இறந்தவளின் மண்ணைக் கிளற வேண்டாம்.

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அவளுடைய பக்கத்து வீட்டு டோ மியா பேசினார். புத்த சமயத்தவர், எங்களைப் போலவே கணவரை இழந்தவர். "வாங்க" என்று மட்டும் பர்மியத்தில் சொன்னார். என்ன என்று கேட்டதற்கு மறுபடியும் "வாங்க" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது பிலோமினா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தாள். மின்சாரம் இல்லை. விசிறி மடியில் கிடந்தது. அவளுடைய கையைப் பிடித்தேன்; குளிர்ந்திருந்தது. அந்தக் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அது சாவியில் ஓடுவதில்லை, பேட்டரியிலும் ஓடுவதில்லை. கட்டியிருக்கிறவரின் கை அசைகிற அசைவில் ஓடும். கழற்றி வைத்தால் இரண்டொரு நாளில் நின்றுவிடும். அதனால் நான் செபம் சொல்வதற்கு முன்பே அதைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். டோ மியா என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும். நான் எடுத்துக்கொள்ளவில்லை, நிற்கவிடாமல் வாங்கிக்கொண்டேன். ஏன் என்பதைத்தான் அவளை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் பழக்கம் டிரங்கு கால் நிலையத்தில் தொடங்கியது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் ஆங்கில இணைப்புகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். பிலோமினா என் வரிசையில் புதிதாக வந்து உட்கார்ந்தாள். மூன்று நிமிடம் ஆனதும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. ஒரு நாள் அவள் துண்டிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாய், மாந்தலேயில் மருத்துவமனையில் கிடந்த மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"மிஸ் பிலோமினா, கடிகாரம் பார்க்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் அக்கா. சுவத்துல இருக்கிறது கொஞ்சம் முந்தி ஓடுது. எனக்கு இன்னும் மூணு நிமிஷம் ஆகல."

வரிசை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் நானும் அந்த இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அவளுக்குத் திருமணமாகி, மகன் ஆரோக்கியம் பிறந்து, கணவர் போய்ச் சேர்ந்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் நான் பேருந்தில் தன்லியினுக்குப் போவேன். அவள் சமைப்பாள், நான் குறை சொல்வேன். உப்புக் கூட என்றால், "அடுத்த வாரம் உங்க வாயைக் கொண்டுவராதீங்க, கையை மட்டும் கொண்டுவாங்க, பாத்திரம் கழுவ" என்பாள். ஆரோ என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தமிழ் எழுதப் பழகிய பிள்ளைகளில், வகுப்பை விட்ட பிறகும் எழுதியவன் அவன் ஒருவன். கிறிஸ்துமஸ் அட்டைகளில் என் பெயரைத் தமிழில்தான் எழுதுவான்.

பிறகு பிள்ளைகள் வீட்டில் தங்க முடியாத நாட்கள் வந்தன. ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை; உங்கள் வீடுகளிலும் காலியான கட்டில்கள் இருக்கின்றன. ஆரோவும் கிழக்கே எல்லையைத் தாண்டிப் போனான். அந்தப் பக்கம் சேர்ந்ததும் ஒரு முறை பேசினான். நான் அப்போது அவளோடு இருந்தேன். தொலைபேசியை அவள் எனக்கும் கேட்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க மணி நம்மளவிட அரை மணி முந்தி. நீங்க விளக்குப் போடுறப்ப நாங்க சாப்பிட உக்காந்திருப்போம். பெரியம்மா உப்புக் கூடன்னு சொன்னாங்களா? நான் இங்க..."

அதோடு இணைப்பு அறுந்தது. அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. "எத்தனை பேரை நான் நடுப்பேச்சுல வெட்டிவிட்டிருப்பேன் அக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சு இல்லை, செய்தி இல்லை. அந்த எண்ணுக்கு அவள் தினமும் போட்டுப் பார்த்தாள். அப்படியொரு எண் இல்லை என்று ஒரு பெண்ணின் குரல் அவளுக்குத் தெரியாத மொழியில் சொல்லும். அவள் அதை முடிவு வரை கேட்பாள். தொழில் மரியாதை என்பாள்.

வீட்டை ஒட்டி ஒரு மனை இருந்தது. ஆரோ கல்யாணம் செய்துகொண்டு வீடு கட்ட வைத்திருந்தது. அதை விற்றுத்தான் கடிகாரம் வாங்கினாள். மகன் நிலத்தை விற்றுக் கையில் கட்டிக்கொண்டாள் என்று கோவில் வாசலிலேயே பேசினார்கள். பேசியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நான் அவள் முகத்துக்கு நேரே பேசினேன். கடைக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தாள். கடைக்காரர் சின்னதாக, பெண்கள் கட்டுகிற பொன் கடிகாரங்களை எடுத்து வைத்தார். அவள் அவற்றைத் தொடவில்லை. நீல முகம் வைத்த, எஃகினால் ஆன, தடித்த ஒன்றைக் கேட்டாள்.

"இது ஆம்பளை கட்டுறது, பிலோ. பொன்னாவது வாங்கு. எல்லாரும் பொன்தான் வாங்கி வைக்கிறாங்க."

"பொன் பெட்டிக்குள்ள தூங்கும் அக்கா. இது என்னோட முழிச்சிருக்கும். நிலத்தைத் தூக்கிக்கிட்டு அவன்கிட்டப் போக முடியுமா? இதைக் கட்டிக்கிட்டுப் போகலாம். வந்தான்னா அவன் கையில கட்டிவிடலாம்."

"உன் செருப்பு வாரைப் பாரு. அறுந்து ஊசி குத்தியிருக்கு. அந்தக் காலோட கையில இதுவா?"

"செருப்பு தெருவுக்கு. இது எனக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அழகா இருக்கு அக்கா. என்கிட்ட அழகான சாமான் ஒண்ணுகூட இருந்ததில்ல. அதுவும் ஒரு காரணம்தான். தப்பா?" என்றாள்.

தப்பு என்று சொல்ல வந்தவள், கடைக்காரரிடம் அதை எடுத்துத் தரச் சொன்னேன்.

கடைக்காரர் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தார். அவள் அவர் எதிரிலேயே முள்ளைத் திருகி அரை மணி முன்னால் வைத்தாள். அவர் பதறிப்போய்த் திரும்ப வாங்கப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு ஐயா. இது அங்கே ஓடுற மணி" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கையில் அவன் நேரம் ஓடியது. கோவிலில் அதைப் பார்த்தவர்கள், இவ்வளவு விலைக்கு வாங்கியும் அரை மணி பிழை, கள்ளச் சரக்கு என்று சிரித்தார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. விளக்குப் போடும் நேரத்தில் மணிக்கட்டைப் பார்ப்பாள். "சாப்பிட உக்காந்துட்டான்" என்பாள். அப்புறம்தான் தன் தட்டை எடுப்பாள்.

இனி அந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். பர்மியத்தில் கடிகாரத்துக்கு 'நாயி' என்று பெயர். நம் பிள்ளைகள் தமிழ் பேசும்போதும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். பிலோமினா வேண்டுமென்றே போடுவாள், என் காது எரிய வேண்டும் என்பதற்காக. அவளிடம் ஒரு நாய் உண்டு; அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தாள். "நம்ம வீட்டுல நாய்க்கு மணின்னு பேர், மணிக்கு நாயின்னு பேர். உங்க கான்வென்ட்டுத் தமிழ் இங்க செல்லாது அக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆரோ போன பிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது இந்த ஒன்றுக்குத்தான்.

அடக்கத்தன்று மணி சவ வண்டிக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தது. மண் போட்ட பிறகும் எழுந்து வரவில்லை. நான் கோவிலுக்குத் திரும்பி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவிலிருக்கிற பெண் சிந்தியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண். அனுதாபத்தோடுதான் கேட்டாள்.

"ஆன்ட்டி, பிலோ ஆன்ட்டியோட நாயி? அதுவும் கூடவே போயிருச்சா?"

"போயிருச்சும்மா. அங்கேதான் கிடக்கு, அவ பக்கத்துலயே."

"ஐயோ பாவம். யாரும் எடுக்கலையா?"

"யார் எடுத்தா வரும்? இருக்கட்டும், விடு."

அவள் கேட்டது கடிகாரத்தை. நான் சொன்னது நாயை. கடிகாரம் அப்போது என் புடவைத் தலைப்புக்குள் என் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் தன்லியின் முழுவதும் அந்தப் பேச்சுப் பரவிவிட்டது. சிந்தியாவை யாரும் ஏச வேண்டாம். பிலோமினா இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

ஆனால் சில நாள் கழித்து டோ மியா மறுபடியும் பேசினார். கல்லறையின் கால்மாட்டில் மண் தோண்டப்பட்டிருக்கிறது. பூவளையத்தைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். மணியின் காலில் தடியால் அடித்த காயம். நல்ல வேளையாக அது போட்ட சத்தத்தில் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். நான் போய் என் கையால் மண்ணைத் தள்ளி மூடினேன். முழங்காலிட்டால் எழுந்திருக்க முடியாத வயது எனக்கு; டோ மியாதான் தூக்கிவிட்டார். இந்த நாட்களில் பசிக்கிறவர்கள் எதையும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பசிக்கிறவர்களே, அங்கே ஒரு ஏழைப் பெண்ணும் ஒரு செபமாலையும்தான் இருக்கிறார்கள்.

அதே வாரம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. இளைஞன் குரல்.

"ஆன்ட்டி, நான் ஆரோ பேசுறேன். அழுகையா வருது ஆன்ட்டி. அம்மாவோட நாயி உங்ககிட்டத்தான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒரு ஆளை அனுப்புறேன், கொடுத்துவிடுங்க."

ஒரு கணம், கடவுள் என்னை மன்னிக்கட்டும், நான் நம்பினேன். உயிரோடிருக்கிறான் என்ற நினைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் காதில் விழுந்தது. ஆரோ என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டதில்லை. தன் தாய் கடிகாரம் வாங்கியதே அவனுக்குத் தெரியாது. அவன் பேசியது அதற்கு முன்பு. கல்லறையில் மண்ணைத் தள்ளி மூடியபோது என் கையில் அதைப் பார்த்த யாரோதான் இது. "நீ யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு கணத்தை எனக்குக் கொடுத்துப் பறித்துக்கொண்டதை நான் எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அசையாமல் கிடந்தேன். தெளிந்து பார்த்தபோது கடிகாரம் நின்றிருந்தது. கையை உதறினேன், ஆட்டினேன், படுக்கையிலிருந்தே அவளைப் பெயர் சொல்லி அழைத்தேன். முள் அசைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி கூட்டி வைத்தேன். மருத்துவர் என் இதயத்தைப் பற்றிச் சொன்னதை உங்களுக்குச் சொல்லித் தொந்தரவு செய்ய மாட்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் ஒரு நாற்காலியில் அவளைப் போல உட்கார்ந்துவிட்டால், என் கையிலிருந்து இதைக் கழற்றி யார் கையில் கட்டுவது? எனக்கு வேறு எந்தக் கவலையும் மிச்சமில்லை. இது ஒன்றுதான்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கடிகாரம் அல்ல, அது இன்னொருவருடையது. நான் வைத்துக்கொண்டது அந்த அரை மணியை. மாலையில் விளக்குப் போடும்போது மணிக்கட்டைப் பார்க்கிறேன். சாப்பிட உட்கார்ந்துவிட்டான் என்று, கேட்க யாருமில்லாவிட்டாலும், வாய்விட்டுச் சொல்கிறேன். பிறகு என் தட்டை எடுக்கிறேன். உப்பு எப்போதும் குறைவாகவே இருக்கிறது.

எல்லை தாண்டிய பிள்ளைகள் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். கை மாறிக் கை மாறி அவனிடம் போகட்டும்.

ஆரோக்கியம், அம்மா போனதை இப்படித் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்கு என்னை மன்னித்துவிடு. கடைசி வரை உன் நேரத்தில்தான் இருந்தாள். எனக்குத் தொலைபேசியில் பேசாதே. குரலை இனி நான் நம்ப மாட்டேன். காகிதத்தில், தமிழில், உன் கையால் எழுது. ஒரு எழுத்தை நீ உன் வழியில்தான் போடுவாய்; எத்தனை முறை திருத்தியும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. எந்த எழுத்து என்று இங்கே சொல்ல மாட்டேன். அதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு வரி போதும். கோவில் அலுவலகத்துக்கு, என் பெயருக்கு அனுப்பு. தயவுசெய்து எழுத்தில் பதில் கொடு.