மடைக்கல்

நேற்று குளத்தூர்ச் சந்தையில் கெளுத்தி மீன் கூடை ஒன்று என்னைக் கடந்து போனது. அந்தச் சேற்று வாடையில், தூர்ந்துபோன எங்கள் கண்மாய் மனதில் நிறைந்துவிட்டது.

அது சமஸ்தானக் காலம். வயலுக்குத் தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கண்மாய்க்குள் நீந்திப்போய், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே முங்கி, அடியில் மடையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டால் ஆள் திரும்புவதில்லை. எங்கள் ஊரில் அதற்கு என் அண்ணன்தான். அவன் முங்கியதும் கரையே மூச்சடக்கி நிற்கும், ஆத்தா மட்டும் அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளிடம், "ஒங்க மாடு கன்னு போட்டுருச்சாடி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

மடை திறந்த அன்று பிடிக்கும் மீனில் நடுத்துண்டு அவனுக்கு. "கரையில நின்னவனுக்கு வாலு போதும்டா" என்று என்னைச் சீண்டிவிட்டு, ஆத்தா திரும்பியதும் அதை என் தட்டில் போடுவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே வயிறு இன்னும் எரியும்.

வாந்திபேதியில் இரண்டே நாளில் அவன் போய்விட்டான். மறுவருஷம் ஊர்க்காரர்கள் வந்து, "சின்னவன அனுப்புங்க ஆத்தா, அண்ணங்கூட முங்கிப் பழகுனவன்தானே" என்றார்கள். எனக்குப் பதினாறு வயது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. உள்ள போனா இவன் மேல வரமாட்டான்."

அண்ணனை அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. செத்துப்போனவன் மேல் எனக்குப் பொறாமை பொங்கியது. ஆனாலும் கையை உதறவில்லை. அவள் பிடி தளர்ந்த பிறகும் கண்மாய்க்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.